அசைவூட்டப் படங்களில் உழவு மரபு

உழவுத் தொழில் பற்றிய அறிவு கையிலும் காலிலும் தங்கியிருப்பது. மடையை வரப்பின் எவ்விடத்தில் வெட்டுவது, நாற்றை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது, பூவை எந்நேரத்தில் எந்த விரல்களால் கிள்ளுவது என்பனவற்றை மூத்தோர் செய்யக் கண்டு இளையோர் செய்து பழகினர். பழகுவதற்கு இளையோர் இல்லாத ஊரில் அவ்வறிவு ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடுகின்றது. தமிழில் பள்ளு நூல்கள் நெல்வகைகளின் பெயர்களையும், மாட்டு வகைகளின் பெயர்களையும், ஏரின் உறுப்புகளையும் அடுக்கிச் சொல்லி வைத்தன. முக்கூடற்பள்ளு கற்பிக்கப்படும் வகுப்பறைகளில் அப்பெயர்கள் இன்றும் ஒலிக்கின்றன. அந்நெல்லை விதைத்தறியாத மாணாக்கர்க்கு அவை ஓசையின்பம் தரும் பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. பெயர் எஞ்சிய இடத்தில் வினை எஞ்சவில்லை.

வினையைக் காட்டுதற்குத் திரைப்படக் கருவி உண்டு. ஆனால் அக்கருவி தன் முன்னே நிகழ்வதை மட்டுமே பதிவு செய்யும். கைவிடப்பட்ட வழக்கத்தையும், மண்ணுக்கடியில் ஊறும் நீரையும், நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கரையையும் அது காட்டவியலாது. ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு 24 சட்டகங்கள் என்னும் கணக்கில் ஓடவிட்டு உயிர்ப்புத் தரும் அசைவூட்டக் கலையால் அது இயலும். அனிமேஷன் என வழங்கும் இக்கலை தமிழகத்தில் நெடுங்காலம் சிறுவர்க்குரிய கார்ட்டூன் என்னும் அளவிலேயே அறியப்பட்டது. இதற்கு மற்றுமொரு பண்பு உண்டு. படக்கருவியை இயக்குபவர் தம் முன் நிகழும் வேலையை அறியாமலே பதிவு செய்துவிடலாம். வரைபவருக்கு அந்த வசதி இல்லை. பூப்பறிக்கும் கையை வரைய வேண்டுமாயின் கட்டைவிரல் எங்கே நிற்கும், காம்பு எப்போது ஒடியும், முள் எப்பக்கம் இருக்கும் என்பனவற்றை அவர் அறிந்தே ஆக வேண்டும். இப்பண்பை உழவு மரபின்பால் திருப்பியவருள் தலையாயவர் சப்பானிய இயக்குநர் இசாவோ தகாஹதா (1935–2018) ஆவார்.

கற்பிக்க வந்த படங்கள்

உழவரை நோக்கி அசைவூட்டப் படம் முதலில் வந்தபோது, அது உழவரிடம் கற்றுக்கொள்ள வரவில்லை. அவர்க்குக் கற்பிக்கவே வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இலத்தீன் அமெரிக்க நாடுகளைத் தம் பக்கம் வைத்திருக்க விரும்பிய அமெரிக்க அரசு, அதற்கென ஓர் அலுவலகத்தை நெல்சன் ராக்ஃபெல்லர் தலைமையில் நடத்தியது. அவ்வலுவலகத்திற்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் சிறு படங்கள் பலவற்றை எடுத்தது. மலேரியாக் கொசுவை ஒழிப்பது பற்றி 1943இல் வந்த படத்தில் ஸ்னோ ஒயிட் கதையின் ஏழு குள்ளர்களே வந்து பணி செய்தனர். அதே ஆண்டில் மக்காச்சோளத்தைப் பற்றி ஒரு படம் வெளிவந்தது. 'ஓர் அரைக்கோளத்தைக் கட்டிய தானியம்' என்பது அதன் பெயரின் பொருள்.

அமெரிக்கத் தொல்குடியினர் ஒரு காட்டுப் புல்லைப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்து தேர்ந்து விதைத்து மக்காச்சோளமாக ஆக்கிய வரலாற்றோடு அப்படம் தொடங்குகின்றது. அவ்வகையில் உழவு மரபைச் சொல்ல முற்பட்ட முன்னோடிப் படங்களுள் ஒன்றாக அதனைக் கருதலாம். ஆயினும் படத்தின் நோக்கு வேறிடத்தில் இருந்தது. தொல்குடியினரின் உழைப்பு முன்கதையாகச் சுருங்க, ஒட்டுவிதையும் சோளத்திலிருந்து ஆலைகளில் செய்யப்படும் பொருள்களும் கதையின் உச்சமாயின. அத்தொல்குடியினரின் வழிவந்தோர் அப்போதும் மெக்சிகோவிலும் குவாதமாலாவிலும் தம் விதைகளைத் தாமே காத்து விதைத்துக் கொண்டிருந்தனர். படத்தைப் பொறுத்தவரை அவர்கள் கடந்த காலத்தினர்.

இந்த மரபு முற்றும் வீணானதன்று. 2011இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'எல்லைகளற்ற அறிவியல் அசைவூட்டங்கள்' என்னும் திட்டம், எழுத்தறியாதோரும் கண்டு விளங்கிக்கொள்ளுமாறு சிறு படங்களை எடுத்து உலகின் பற்பல மொழிகளில் குரல் சேர்த்துப் பரப்பி வருகின்றது. வேப்பங்கொட்டையிலிருந்து பூச்சி விரட்டி செய்யும் முறை அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டுப் பாட்டிமார்க்குப் புதிதல்லாத இச்செய்தி ஆப்பிரிக்க உழவர்க்கு ஓவியத்தின் வழியே சென்று சேர்ந்தது. இருப்பினும் இப்படங்களிலும் அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லும் போக்கே மேலோங்கி நிற்கின்றது. ஓவியர் உழவரிடம் சென்று கேட்டு எழுதிக்கொண்ட கதை சப்பானில் நிகழ்ந்தது.

வரையாத இயக்குநர்

தகாஹதா தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் பயின்றவர். 1959இல் தோயெய் அசைவூட்டப் பட நிறுவனத்தில் சேர்ந்தார். அசைவூட்டப் பட இயக்குநர் எனினும் அவர் ஓவியர் அல்லர். தம் எண்ணத்தைத் தாமே தீட்டிக் காட்ட இயலாத குறையே அவருக்கு நிறைவாயிற்று எனலாம். கண்ணால் கண்டும் கேட்டும் குறித்தும் வந்து, வரைபவர்க்குச் சொல்லால் விளக்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார். ஆய்வு அவருடைய தூரிகையாயிற்று.

அந்த வழக்கம் 1974இல் தொலைக்காட்சியில் வெளிவந்த 'ஹைடி' தொடரிலேயே புலப்பட்டது. சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ப்சு மலையில் தாத்தாவுடன் வாழும் சிறுமியின் கதை அது. தொடரை எடுக்கும் முன் 1973இல் தகாஹதா, ஹயாவோ மியாசாகி முதலியோர் அம்மலைப் பகுதிக்கே சென்று வந்தனர். சப்பானியத் தொலைக்காட்சி அசைவூட்டத் தொடருக்காக வெளிநாடு சென்று களத்தைக் கண்டு வந்தது அதுவே முதன்முறை. ஆடுகளைக் கோடையில் மேய்ச்சல் மேட்டுக்கு ஏற்றுவதும், பால் கறப்பதும், பாலடைக்கட்டியை நெருப்பில் உருக்கி ரொட்டியில் இடுவதும் 52 பகுதிகளில் சாவகாசமாக வரைந்து காட்டப்பட்டன. பெருநிகழ்ச்சி ஏதுமின்றி அன்றாட வேலையையே காட்டினால் சிறுவர் பார்ப்பார்களா என்னும் ஐயத்திற்கு அத்தொடர் பெற்ற வரவேற்பு விடையாயிற்று.

யனகாவாவின் நீர்வழிகள்

கியூஷு தீவில், ஃபுகுவோகா மாவட்டத்தின் தென்பகுதியில், அரியாகே கடற்கரையை ஒட்டி யனகாவா என்னும் ஊர் உள்ளது. கவிஞர் கிதாஹாரா ஹகுஷூ வளர்ந்த ஊர் அது. சப்பானிலேயே ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகுந்த கடல் அரியாகே. ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ 6 மீட்டர் வேறுபாடு உண்டு. ஆறுகள் கொணர்ந்த வண்டலும் கடல் ஒதுக்கிய சேறும் சேர்ந்த மென்னிலத்தை மக்கள் பல நூற்றாண்டுகளாக அணைகோலி மீட்டு வயலாக்கினர். நிலத்தடி நீர் உவர். மேட்டு நிலம் இல்லை. ஆதலின் வாய்க்கால்களைத் தோண்டி, தோண்டிய மண்ணால் மனையையும் வயலையும் உயர்த்தி, வாய்க்காலில் நன்னீரைத் தேக்கி வாழ்ந்தனர். பழைய நகர எல்லைக்குள் மட்டும் இவ்வாய்க்கால்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 470 கிலோமீட்டர். குடிநீரும் அதுவே, பாசனநீரும் அதுவே, தீயணைக்கும் நீரும் அதுவே. விடியற்காலையில் நீர் தெளிந்திருக்கும்போது வீட்டுப் படித்துறையில் இறங்கிக் குடிக்க முகந்துகொள்வர்; துணி துவைப்பதும் கலம் கழுவுவதும் அதற்குப் பின்னரே.

இந்நீர் யாபே ஆற்றிலிருந்து வந்தது. தோக்குகவா ஆட்சிக் காலத்தில் அவ்வாற்றின் ஒரு கரை யனகாவா சிற்றரசுக்கும் மறுகரை குருமே சிற்றரசுக்கும் உரியதாக இருந்தது. ஒரு நாட்டார் தம் அணையில் எடுத்த நீரை எதிர்நாட்டார் அணையைச் சுற்றிக் கடத்திக்கொண்டுபோய், தம்முடைய அடுத்த அணைக்கு மேலே மீண்டும் ஆற்றில் விடுவதற்கெனச் சுற்றுவாய்க்கால் வெட்டினர். மற்றவரும் அவ்வாறே வெட்டினர். பகைமையால் எழுந்ததாயினும் இவ்வமைப்பு ஒரே நீரைப் பலமுறை பயன்படுத்தும் ஏற்பாடாக முடிந்தது.

ஊருக்குள் வந்த நீர் விரைந்து கடலுக்கு ஓடிவிடாதவாறு ஆங்காங்கே வாய்க்காலைக் குறுக்கினர். இக்குறுக்கங்களுக்கு 'மொத்தாசே' என்பது பெயர். தாங்கி நிற்கச் செய்தல் என்பது அதன் பொருள். அடியில் குறுகி மேலே அகன்ற வடிவில் கற்சுவர்கள் அமைந்திருக்கும். நீர் குறைந்தால் மெல்லக் கசிய விட்டுத் தேக்கும். மழை மிகுந்தால் அகன்ற மேற்பகுதி வழியே அளவாகத் தள்ளும். ஒவ்வொரு குறுக்கமும் சிறிது சிறிதாக வெள்ளத்தைத் தாங்குவதால் ஊர் முழுதும் ஒரே நேரத்தில் மூழ்காது. மதகைத் திறந்து மூட ஆள் வேண்டாத இந்த நுட்பத்தைச் சொல்லால் விளக்குவதைவிடக் கோட்டால் விளக்குவது எளிது.

ஆண்டுக்கொருமுறை குளிர்காலத்தில் மடையை அடைத்து வாய்க்காலை வற்றச் செய்வர். ஊரார் இறங்கி மீன் பிடிப்பர். அடியில் படிந்த சேற்றை வாரிக் கழனிக்கு எருவாக இடுவர். தமிழகத்தில் கோடையில் ஏரி வற்றியபின் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டியதும், குடிமராமத்து என்னும் பெயரால் ஊரார் கூடிக் கால்வாய் வெட்டியதும் இவ்விடத்தில் நினைவுக்கு வாராமற் போகா. வாய்க்காலுக்குத் தூர்வாரலும் வயலுக்கு எருவும் ஒரே வேலையால் கிடைத்தன. வாய்க்கால் தூய்மையாக இருந்தது எவருடைய நல்லெண்ணத்தாலும் அன்று. வயலுக்குச் சேறு தேவைப்பட்டது.

போருக்குப் பின் வேதியியல் உரம் மலிந்தது. சேற்றை வாருவோர் இல்லை. குழாய் நீர் வந்தது. விடியலில் நீர் முகப்போர் இல்லை. தேவை அற்ற வாய்க்காலில் குப்பை விழுந்தது, சேறு தூர்த்தது, கொசு பெருகியது. 1970களில் அது சாக்கடையாயிற்று. சுற்றுலாப் படகு செல்லும் வழிகளும் சில முதன்மை வாய்க்கால்களும் நீங்கலாக ஏனையவற்றைக் காங்கிரீட்டால் மூடுவது என 1977இல் நகராட்சி திட்டமிட்டது. அதனை நிறைவேற்றும் பொறுப்பு நகராட்சியின் நீர்வழிப் பிரிவுக்கு வந்தது. அப்பிரிவின் பொறுப்பில் அமர்த்தப்பட்ட ட்சுதாயே ஹிரோமட்சு என்னும் அலுவலர் அதே ஊரில் அவ்வாய்க்கால் நீரைக் குடித்து வளர்ந்தவர். வாய்க்கால்களை மூடினால் மழைநீர் நிற்க இடமின்றி ஊர் மூழ்கும் என்றும், நீர் ஊறாவிடின் மென்னிலம் தாழும் என்றும் நகரத் தலைவரிடம் நேரில் வாதிட்டார். திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஹிரோமட்சு தெருத்தெருவாகச் சென்று மக்களைக் கூட்டிப் பேசினார். அலுவலர்களும் குடிமக்களும் சேற்றில் இறங்கித் தூர்வாரினர். 1978இல் மூடும் திட்டத்திற்கு மாற்றாகத் தூய்மைப்படுத்தும் திட்டம் ஏற்கப்பட்டது.

தகாஹதாவும் மியாசாகியும் யனகாவாவைக் களமாகக் கொண்டு ஓர் அசைவூட்டக் கதைப்படம் எடுக்கும் எண்ணத்துடனேயே அங்குச் செல்லத் தொடங்கினர். ஹிரோமட்சுவைக் கண்டு அவர் சொல்லக் கேட்டபின் தகாஹதாவின் எண்ணம் மாறியது. கதையை விட்டுவிட்டு உண்மையையே எடுக்கத் துணிந்தார். 1984இல் வெளிவந்த 'நௌசிகா' படத்தால் ஈட்டிய பணத்தைக் கொண்டு மியாசாகி தயாரிக்க, 'யனகாவா நீர்வழிகளின் கதை' 1987இல் வெளிவந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் ஆவணப்படம் அது. ஊரும் மக்களும் நேரடிப் படப்பிடிப்பாகவும், நீரியக்கத்தை விளக்கும் பகுதிகள் அசைவூட்டமாகவும் அமைந்தன. அசைவூட்டப் பகுதிகளை வரைந்தவர் மகிகோ ஃபுதாகி என்னும் பெண் ஓவியர். செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் நுட்பமாக வரைவதில் பின்னாளில் பெயர் பெற்றவர் அவர்.

படம் நீளம் என்பதை மறுப்பதற்கில்லை. திரையரங்கில் பொழுதுபோக்க வந்தவர் பொறுமை இழப்பர். ஆயினும் அதன் சிறப்பு அந்நீளத்தில்தான் உள்ளது. வாய்க்கால்கள் பழையன, அழகியன, ஆதலின் காக்கத் தக்கன என்று அது மன்றாடுவதில்லை. அவை எவ்வாறு இயங்கின, எந்தக் கண்ணி அறுந்ததால் கெட்டன என்று காட்டுகின்றது. அக்கண்ணியைப் பார்வையாளர் தாமே கண்டுகொள்கின்றனர். நீர்நிலைகளைக் காக்க முனைந்த குழுவினர் சப்பானின் பல ஊர்களில் இப்படத்தைத் தாமே திரையிட்டுக் கண்டனர்.

பறித்தவர் பூசாத சிவப்பு

நீரில் கற்றதைத் தகாஹதா நிலத்தில் செய்து பார்த்த படம் 1991இல் வந்தது. 'ஒமொய்தே பொரோபொரோ' என்பது அதன் பெயர். துளித்துளியாக உதிரும் நினைவுகள் என ஒருவாறு பொருள் கொள்ளலாம். இதன் மூலம், 1966ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்புப் பயின்ற தயேகோ என்னும் சிறுமியின் நினைவுகளைச் சொல்லும் ஒரு சித்திரக்கதை. அதில் உழவு இல்லை. தகாஹதா அச்சிறுமியை 27 வயதுப் பெண்ணாக வளர்த்து, 1982ஆம் ஆண்டுக் கோடையில் தோக்கியோ அலுவலகத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வடகிழக்கிலுள்ள யமகாத்தாவின் தகாசே என்னும் சிற்றூருக்குக் குசும்பப் பூப் பறிக்கச் செல்பவளாக ஆக்கினார். ஓராண்டின் ஒரு சிறு பொழுதில் மட்டும் நிகழும் அவ்வேலையைச் சுற்றியே படத்தின் நிகழ்காலம் அமைந்தது.

தமிழில் செந்துருக்கம் எனவும் வழங்கும் குசும்பா, யமகாத்தாவில் மொகாமி ஆற்றங்கரையெங்கும் 17ஆம் நூற்றாண்டு முதல் பெருவாரியாகப் பயிரிடப்பட்டது. கவிஞர் பாஷோ 1689இல் தம் வடநாட்டுப் பயணத்தில் ஒபனாசாவா என்னும் ஊரில் தங்கியது ஒரு குசும்பப் பூ வணிகரின் ஆதரவில்தான். சூலைத் தொடக்கத்தில் வயலில் எங்கோ ஒரு பூ முதலில் மலரும். அதனைக் கண்டபின் மற்றவை அடுத்தடுத்து மலரும். செடியெங்கும் முள். ஆதலின் விடியற்காலையில், பனியால் முள் இளகியிருக்கும்போதே பறித்து முடிக்க வேண்டும். பூவிதழில் மஞ்சள் மிகுதி. சிவப்பு நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே. மஞ்சள் நீரில் கரையும், சிவப்புக் கரையாது. இவ்வொரு வேறுபாட்டின்மேல் ஒரு தொழில் முழுவதும் நின்றது. பறித்த பூவை நீரில் இட்டு மிதித்து மஞ்சளைக் கழுவிப் போக்குவர். பின் நிழலில் பரப்பி நீர் தெளித்துப் புளிக்க வைப்பர். புளித்துச் சிவந்ததை இடித்து, உருட்டி, தட்டி, அடைகளாக்கி வெயிலில் உலர்த்துவர். உலர்ந்த அடைகள் படகில் மொகாமி ஆற்றில் இறங்கிச் சகாத்தாத் துறைமுகம் சென்று, அங்கிருந்து கடல் வழியாகவும் தரை வழியாகவும் கியோத்தோவை அடைந்தன. கியோத்தோச் சாயக்காரர் சாம்பற் காரநீரில் சிவப்பைக் கரைத்துப் புளிப்புச் சேர்த்துப் படிய வைத்தனர். பட்டுக்குச் சாயமும் மகளிர் இதழுக்குப் பூச்சும் அதனால் ஆயின.

படகுகள் திரும்பும்போது கியோத்தோவின் பொம்மைகளும் பட்டும் ஏற்றி வந்தன. மொகாமிக் கரையின் பழைய வணிகர் வீடுகளில் அந்தப் பொம்மைகள் இன்றும் காக்கப்படுகின்றன. அவை வணிகர் வீட்டுக்குச் சென்றன. பறித்தவர் வீட்டுக்குச் செல்லவில்லை. கையுறை இல்லாக் காலத்தில் வெறுங்கையால் பறித்த உழவர் மகளிர், முள் குத்தி வடிந்த குருதியோடு பறித்த அச்சிவப்பைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பூசியதில்லை என்னும் செய்தியைத் தயேகோவின் வாய்மொழியாகவே படம் சொல்கின்றது. மரபைப் போற்றும் நூல்கள் பல இவ்விடத்தைக் கடந்து சென்றுவிடும். இப்படம் நின்று சொல்கின்றது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனத்துக் குசும்பாவும் அதன்பின் செயற்கைச் சாயமும் வந்து மொகாமிக் குசும்பாவை வீழ்த்தின. போருக்குப் பின்னரே சிலர் முயற்சியால் சிறிதளவில் மீண்டும் பயிராயிற்று. தகாஹதா இப்பயிரைப் பற்றி உழவரிடம் கேட்டறிந்து குறிப்பேடு எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 2019இல் தோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியில் அவருடைய குறிப்புகளைக் கண்டோர், ஓர் ஆய்வு மாணவனின் உழைப்பை அவற்றில் கண்டிருப்பர். பறித்தல், மிதித்துக் கழுவுதல், புளிக்க வைத்தல், அடை தட்டல், உலர்த்தல் என்னும் வரிசையைப் பிசகாமல் படம் காட்டுகின்றது. பின்புலங்களுக்குப் பொறுப்பேற்ற கசுவோ ஓகா அண்டை மாவட்டமாகிய அகித்தாவில் பிறந்தவர். அம்மண்ணின் பசுமை அவர் கண்ணறிந்தது. விடியலில் மூடுபனி விலகிப் பூவயல் மஞ்சளாகத் தெளிந்து வரும் காட்சியில் அது தெரிகின்றது.

படத்தில் தயேகோவுக்கு வழித்துணையாக வரும் தோஷியோ, அலுவலக வேலையை விட்டு இயற்கை வேளாண்மைக்குத் திரும்பியவன். காட்டையும் ஓடையையும் கண்டு இயற்கையின் கொடை என வியக்கும் தயேகோவிடம், இங்குள்ள ஒவ்வொன்றும் உழவர் கைபட்டு உருவானது என்று அவன் விளக்குகின்றான். ஊருக்கு அருகிலுள்ள காடு விறகுக்கும் தழைக்குமாக ஆண்டுதோறும் வெட்டிப் பேணப்பட்டது. ஓடை பாசனத்திற்குத் திருப்பப்பட்டது. மனிதரும் இயற்கையும் சேர்ந்து செய்த அந்நிலத்தைத் தன் சொந்த ஊர் போல் தயேகோ உணர்வதற்குக் காரணமும் அதுவே என்கின்றான். யனகாவாவில் தகாஹதா கற்ற பாடம் இங்குக் கதைமாந்தனின் பேச்சாக வருகின்றது. சற்றே விரிவுரை போலவும் அது ஒலிக்கின்றது.

அவ்வாண்டு வெளிவந்த சப்பானியப் படங்களுள் மிகுதியான வசூலை ஈட்டியது இப்படமே. வளர்ந்த பெண்ணொருத்தி பூப்பறிப்பதையும் களையெடுப்பதையும் வரைந்து காட்டும் படத்திற்கு இவ்வரவேற்புக் கிடைத்தது வியப்புக்குரியது. பெரும் பகுதியினர் தாமோ தம் பெற்றோரோ ஊரைவிட்டு நகரம் வந்தவர் என்பது அதற்கு ஒரு காரணமாகலாம்.

மருமகள் வேண்டிய ஊர்

படத்தின் முடிவைப் பற்றி இருவகைக் கருத்துகள் உண்டு. ஊர்ப் பாட்டி, தோஷியோவை மணந்து இங்கேயே தங்கிவிடு எனத் தயேகோவிடம் கேட்கின்றாள். தயேகோ திகைத்து வீட்டைவிட்டு மழையில் வெளியேறுகின்றாள். பத்து நாள் விருந்தாளியாக வந்து ஊரை நேசிப்பதாகச் சொன்ன தன் சொல்லின் எடையை அப்போதுதான் உணர்கின்றாள். பின்னர் ஊர் திரும்பும் தொடர்வண்டியில் ஏறியவள் இறங்கி வந்துவிடுகின்றாள்.

பாட்டியின் கேள்வி வெறும் கதைத் திருப்பமன்று. 1980களில் யமகாத்தா ஊர்களில் உழவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்படப் பெண்கள் முன்வரவில்லை. 1985இல் அம்மாவட்டத்தின் அசாஹி என்னும் சிறு நகரத்தின் நிருவாகமே முன்னின்று பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்களைத் தம் ஊர் உழவர்க்கு மணமுடிக்க ஏற்பாடு செய்தது. மாமியாருக்குப் பணி, விடியுமுன் வயல், உடைமையில் உரிமையின்மை என்னும் வாழ்வை உள்ளூர்ப் பெண்களே ஒதுக்கிச் சென்றதன் விளைவு அது. இவ்வுண்மையைப் படம் பாட்டியின் ஒரு வேண்டுகோளாகச் சுருக்கிவிட்டது. தோஷியோவின் அண்ணி எத்தனை மணிக்கு எழுகின்றாள், அவள் கணக்கில் குசும்பாவின் வரவு எவ்வளவு என்பன சொல்லப்படவில்லை. முள் குத்திய பழங்காலக் கைகளுக்கு இரங்கிய இயக்குநர், நிகழ்காலக் கைகளை இன்னும் சற்று உற்று நோக்கியிருக்கலாம். உழவு மரபைக் கற்பிக்க முனையும் எக்கலையும் இவ்விடத்தில் இடறுவது இயல்பு. பூவின் வழிமுறையை வரைவது எளிது. அவ்வழிமுறையைத் தாங்கி நின்ற குடும்ப அமைப்பை வரையின் பார்ப்போர் முகம் சுளிப்பர்.

குசும்பாவின் பின்னைய நிலை முன்னேறியதே. 2018இல் மலைக்கோயில் யமதேராவுடன் இணைத்துச் சப்பானிய மரபுப் பட்டியலிலும், 2019இல் அந்நாட்டு வேளாண் அமைச்சின் வேளாண் மரபு அமைப்புகளுள் ஒன்றாகவும் மொகாமிக் குசும்பா ஏற்கப்பட்டது. தகாசேயில் ஆண்டுதோறும் சூலைத் திங்களில் குசும்பப் பூ விழா நடைபெறுகின்றது.

தனுக்கிகள் காட்டிய ஊர்

வரைந்த நிலம் வரையாத நிலத்தைக் காத்ததற்கும் சான்றுண்டு. மியாசாகி இயக்கிய 'என் அண்டை வீட்டுத் தொத்தோரோ' (1988) தோக்கியோவுக்கு அருகிலுள்ள சயாமா குன்றுகளின் ஊர்ப்புறத்தைத் தழுவியது. அக்குன்றுகளின் காட்டைக் கட்டுமானத்திலிருந்து மீட்க 1990இல் தொடங்கிய அறக்கட்டளை முயற்சி தொத்தோரோவின் பெயரையே சூடிக்கொண்டது. 1991இல் மக்கள் தந்த பொருளால் முதல் துண்டுக் காடு வாங்கப்பட்டது. இன்று அவ்வாறு காக்கப்படும் துண்டுகள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை.

எல்லா நிலத்திற்கும் அப்பேறு வாய்க்கவில்லை. தோக்கியோவின் மேற்கேயுள்ள தமா குன்றுகளை அழித்துப் புதுநகர் எழுப்பும் திட்டம் 1960களில் வகுக்கப்பட்டு, 1971இல் குடியேற்றம் தொடங்கியது. அங்கிருந்த வயல்களும் தோப்புகளும் மண்வாரி இயந்திரங்களுக்கு இரையாயின. தகாஹதா 1994இல் இயக்கிய 'பொம் பொகோ' அந்த அழிவைத் தனுக்கிகளின் பார்வையில் சொல்கின்றது. தனுக்கி என்பது நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு. உருமாறி மனிதரை ஏய்க்கும் எனச் சப்பானிய நாட்டுப்புறக் கதைகள் கூறும். படத்தில் அவை தம் மாயத்தையெல்லாம் கூட்டி மனிதரை அச்சுறுத்தப் பார்க்கின்றன. பேய் ஊர்வலத்தை நகரினர் விளம்பர வேடிக்கை என எண்ணிக் கைதட்டுகின்றனர். போராடிச் சிலர் மாள்கின்றனர். தோல்வி உறுதியானபின் எஞ்சிய தனுக்கிகள் கூடி, கடைசியாக ஒருமுறை தம் ஆற்றலைத் திரட்டுகின்றன. இம்முறை எவரையும் அச்சுறுத்த அன்று.

அடுக்குமாடிகள் மங்குகின்றன. அவை நின்ற இடத்தில் கூரை வீடுகளும், வளைந்த வரப்புகளும், தோப்பும், வயலில் குனிந்து நிற்கும் மனிதரும் தோன்றுகின்றனர். மாடிகளில் நின்று பார்க்கும் குடியிருப்போர் அங்குத் தம் இளமைக் காலத்தை அடையாளம் காண்கின்றனர். தனுக்கி ஒன்று தன் பழைய தோழரைக் கண்டு அக்காட்சிக்குள் ஓடுகின்றது. சிறிது நேரத்தில் மாயம் தீர்கின்றது. வெட்டிய மண்மேடும் காங்கிரீட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.